உடுப்பி: 38 ரூபாய் 13 அணா 2 தம்படி

உடுப்பி என்றதும் நம்மவர்களுக்கு முதலில் மசால் தோசை, அப்புறம் கிருஷ்ணர். நான் போனது இரண்டுக்கும் இல்லை. (போன இடத்தில் இரண்டும் கிடைத்தது என்பது வேறு விஷயம்.) இருபது வருஷமாக வங்கியில் பேரேட்டோடு மாரடிக்கிறவன் நான். என் தொழிலுக்கு ஒரு திருத்தலம் உண்டென்றால் அது உடுப்பிதான் என்று ரொம்ப நாளாக ஒரு எண்ணம். மும்பையில் இருந்து மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸில் மதியம் ஏறினால் மறுநாள் விடியும்போது கொண்டுபோய் விட்டுவிடுகிறது. கடைசி ஒரு மணி நேரம் இடது பக்க ஜன்னலில் மலை, வலது பக்கத்தில் தென்னைகளுக்குப் பின்னால் கடல். நடுவில் வயல், கழிமுகம், பாலம், மறுபடி வயல்.

ஊர் சின்னது. கிருஷ்ணர் மடத்தில் இருந்து மேற்கே ஆறு கிலோமீட்டர் போனால் மால்பே துறைமுகம். கிழக்கே ஐந்து கிலோமீட்டரில் மணிப்பால் மேடு. அதையும் தாண்டி ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போனால் ஆகும்பே மலைப்பாதை. அங்கே வளைந்து வளைந்து ஏறி மறுபக்கம் மலைநாட்டுக்குள் இறங்கிவிடலாம். கடலுக்கும் மலைக்கும் நடுவில் இப்படி ஒரு துண்டுப் பட்டை நிலம். வருஷத்துக்கு ஏறக்குறைய 4000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாது. மங்களூருக்கு ரயில் வந்தது 1907-ல். அங்கிருந்து அறுபது கிலோமீட்டர் கூட இல்லாத உடுப்பிக்கு வர 1993 ஆயிற்று! கொங்கண் ரயில் முழுசாக ஓட ஆரம்பித்தது 1998-ல்.

இப்படி ஒதுங்கிக் கிடந்த ஒரு பட்டை நிலத்தில் இருந்துதான் கார்ப்பரேஷன் வங்கி, கனரா வங்கி, சிண்டிகேட் வங்கி, விஜயா வங்கி, கர்நாடகா வங்கி என்று ஐந்து வங்கிகள் கிளம்பி இந்தியா முழுக்கப் பரவின. 1969-லும் 1980-லும் சேர்த்து 20 வங்கிகளை அரசு தேசியமயமாக்கியது. அதில் 4 இந்த ஒரே மாவட்டத்தில் பிறந்தவை. ஒட்டுமொத்தத் தமிழ்நாட்டுக்கும் 2 தான் (இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி). ஏன் இங்கே? இந்தக் கேள்விதான் என்னை ரயில் ஏற்றியது.

கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1799-ல் திப்பு விழுந்ததும் கன்னடக் கரை கும்பினியார் கைக்கு வந்தது. முதல் கலெக்டராக வந்தவர் தாமஸ் மன்றோ. ஆமாம், சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோதான். இங்கே பெய்யும் மழை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை, மாற்றல் கேட்டுக்கொண்டே இருந்தார். (அரசாங்க உத்தியோகத்தில் மாற்றல் கேட்பது 200 வருஷப் பாரம்பரியம், நண்பர்களே.) ஆனால் அவர் ஒரு விஷயத்தைக் கவனித்து 1800-ல் எழுதி வைத்தார். இந்தப் பகுதியில் நிலம் தனியார் சொத்து. வாங்கலாம், விற்கலாம், அடமானம் வைக்கலாம், அதெல்லாம் காலங்காலமாக நடந்து வருகிறது என்று. வங்கிக்காரன் கண்ணுக்கு இது பெரிய செய்தி. அடமானம் வைக்க முடிகிற சொத்து இருக்கும் ஊரில்தான் கடன் என்பது ஒரு ஒழுங்குக்குள் வரும்.

இன்னொன்று, 1956 வரை தென் கன்னடம் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். சட்டம் படிக்க, டாக்டருக்குப் படிக்க இவர்கள் மெட்ராசுக்குத்தான் வந்தார்கள். அதனால் இந்தக் கதையில் மெட்ராஸ் வந்து வந்து போகும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1906 மார்ச் 12. ஹாஜி அப்துல்லா ஹாஜி காசிம் சாகிப் என்கிற உடுப்பி வணிகர், கான் பகதூர் பட்டம் பெற்றவர், ஊர்ப் பெரியவர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு கனரா பாங்கிங் கார்ப்பரேஷன் (உடுப்பி) என்ற பெயரில் ஒரு வங்கி ஆரம்பித்தார். முதல் 5000 ரூபாய். முதல் நாள் கல்லாவில் சேர்ந்தது 38 ரூபாய் 13 அணா 2 தம்படி. தம்படி என்றால் என்ன என்று இந்தக் காலப் பிள்ளைகள் கேட்பார்கள்: 12 தம்படி ஒரு அணா, 16 அணா ஒரு ரூபாய்.

அந்த இரண்டு தம்படியைத்தான் நான் ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதினவன் அதை விட்டுவிட்டு 38 ரூபாய் 13 அணா என்று முடித்திருக்கலாம். விடவில்லை. யாரோ ஒருத்தர் தம்படி கணக்காக எண்ணிக் கொடுத்திருக்கிறார், அதை வாங்கிப் பதிந்திருக்கிறார்கள்.

வங்கி ஆரம்பித்த அவருடைய வீட்டை இப்போது நாணய அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழைய காசில் இருந்து வரிசையாக அடுக்கியிருக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிப் போனால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். எனக்குக் காசுகளை விட வீடுதான் பிடித்தது.

வங்கி தொடங்கியபோது விடுத்த வேண்டுகோளில், சாதி மத வித்தியாசம் இல்லாமல் எல்லாரிடமும் சிக்கனத்தை வளர்ப்பதும், ஒருவருக்கொருவர் ஒத்துழைக்கும் பழக்கத்தை வளர்ப்பதும்தான் நோக்கம், இதுவே சுதேசியம் என்று சொல்லியிருக்கிறார்கள். வங்காளப் பிரிவினைக்கு அடுத்த வருஷம் அது. சுதேசி அலை அடித்துக்கொண்டிருந்த நேரம். ஒரு முஸ்லிம் வணிகர், மாத்வ மடங்கள் எட்டும் சூழ்ந்த ஒரு கோயில் ஊரில், எல்லாச் சாதிக்காரர்களின் காசையும் நம்பி வாங்கி வைத்தார் என்பதை இன்றைக்கு நினைத்துப் பார்க்கக் கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கிறது. மடத்துத் தீபத் திருவிழாவுக்கு ஒரு முறை எண்ணெய் கொடுத்து உதவினார் என்று ஊரில் ஒரு கதை சொல்வார்கள். கதையோ நிஜமோ, அவர் கொடுத்த நிலத்தில் நிற்கிற அரசு தாய் சேய் மருத்துவமனைக்கு அவர் பெயர் இருக்கிறது. அது கண்ணால் பார்த்தது.

அதே 1906 ஜூலையில் மங்களூரில் அம்மெம்பள் சுப்பா ராவ் பை என்ற வக்கீல் 'கனரா ஹிந்து பெர்மனென்ட் ஃபண்ட்' என்று ஒன்று தொடங்கினார். இன்றைய கனரா வங்கி அதுதான். அந்தப் பெயரைப் பாருங்கள். மயிலாப்பூர்க்காரர்களுக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குமே? 1872-ல் தொடங்கிய மயிலாப்பூர் ஹிந்து பெர்மனென்ட் ஃபண்ட்! சுப்பா ராவ் பை சட்டம் படித்தது மெட்ராசில். பெயர் ஒற்றுமை தற்செயல் அல்ல என்பது என் ஊகம்.

மெட்ராசில் 1906 அக்டோபர் 22-ஆம் தேதி அர்பத்நாட் கம்பெனி மஞ்சக் கடுதாசி கொடுத்தது. வெள்ளைக்காரக் கம்பெனி, கோட்டையே சாய்ந்தாலும் சாயாது என்று நம்பி வாழ்நாள் சேமிப்பைப் போட்டிருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். சர் ஜார்ஜ் அர்பத்நாட் ஜெயிலுக்குப் போனார். அந்தச் சூட்டில்தான் வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானவர்கள் முயன்று 1907-ல் இந்தியன் வங்கி பிறந்தது. நாம் அடிபட்ட பிறகு ஆரம்பித்தோம். உடுப்பியும் மங்களூரும் அதற்குச் சில மாதம் முன்பே ஆரம்பித்துவிட்டன. தமிழ்நாட்டிலும் முந்திக்கொண்ட சின்ன ஊர் உண்டு, 1904-ல் தொடங்கிய கும்பகோணம் பாங்க். அதைச் சொல்லாமல் விட்டால் தஞ்சாவூர் ஜில்லாக்காரர்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள்.

பிறகு வரிசையாக வந்தன. கர்நாடகா வங்கி 1924-ல். ஏ.பி. ஷெட்டியும் இன்னும் சில பண்ட் சமூக விவசாயிகளும் சேர்ந்து விஜயா வங்கி 1931-ல். நாட்டுக்குத் தெரியவந்தது ஐந்துதான். ஆனால் இந்த மாவட்டத்தில் பிறந்து, பாதியில் மூடியும் பெரிய வங்கிகளில் கரைந்தும் போனவை ஒரு டஜனுக்கும் மேல். கௌட சாரஸ்வதர்கள், பண்ட் சமூகத்தார், கத்தோலிக்கர்கள் என்று ஒவ்வொரு சமூகமும் ஒரு வங்கியைத் தூக்கி நிறுத்தியது. இதைப் போட்டி என்றும் சொல்லலாம், உதவி என்றும் சொல்லலாம். தூத்துக்குடியில் 1921-ல் நாடார் வங்கி பிறந்த கதைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். அடுத்தவன் கடன் தர மாட்டான் என்றால் நம் ஆட்களே ஒரு கல்லாப்பெட்டி வைத்துக்கொள்வோம் என்பதுதான் அடிப்படை.

செட்டிநாட்டோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் அது வேறு ஆட்டம். நகரத்தார் பர்மா, மலாயா வரை கடை போட்டுப் பெரும் முதலோடு லேவாதேவி செய்தவர்கள். 1937-ல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி பிறந்த அன்றே காரைக்குடி, மெட்ராஸ், ரங்கூன் மூன்று ஊரிலும் கிளை திறந்தது. உடுப்பி வங்கியோ உடுப்பிக்கு வெளியே தன் முதல் கிளையைக் குந்தாபுரத்தில் திறக்கவே 1923 வரை ஆயிற்று. பக்கத்து ஊர்! பதினேழு வருஷம்! இவர்களிடம் இருந்தது பெரும் முதல் இல்லை. பாக்கு, தேங்காய், நெல் விற்ற காசு. ஓட்டுத் தொழிற்சாலைக் கூலி. பம்பாய்க்கும் மெட்ராசுக்கும் ஹோட்டல் வேலைக்குப் போன பையன்கள் அனுப்பின மணியார்டர். அந்தப் பையன்களில் ஒருத்தர்தான் பின்னாளில் மெட்ராஸ் ராயப்பேட்டையில் 1938-ல் உட்லண்ட்ஸ் நடத்திய கே. கிருஷ்ணராவ். மவுண்ட் ரோடு பக்கம் இருந்த டிரைவ்-இன் உட்லண்ட்ஸை மூடிய 2008-ல் கண் கலங்கிய நண்பர்கள் எனக்கு உண்டு.

நிற்க. நான் உண்மையில் தேடிப் போனது சிண்டிகேட் வங்கியின் கதையை. 1920-களில் ஆலைத் துணி வந்து உடுப்பிப் பக்கத்துக் கைத்தறி நெசவாளர்களை நொறுக்கிவிட்டது. அவர்களுக்குக் கடன் கொடுக்க ஏதாவது ஏற்பாடு வேண்டும். 1925-ல் மூன்று பேர் சேர்ந்தார்கள்: உபேந்திர அனந்த பை ஒரு வியாபாரி, வாமன் குட்வா ஒரு இன்ஜினியர், டி.எம்.ஏ. பை ஒரு டாக்டர், மெட்ராசில் படித்துவிட்டு ஊர் திரும்பியவர். முதல் 8000 ரூபாய். பெயர் கனரா இண்டஸ்ட்ரியல் அண்டு பாங்கிங் சிண்டிகேட்.

கடன் கொடுக்கப் பணம் வேண்டும். பணக்காரர்களின் பணம் வேறு எங்கோ வட்டிக்குப் போய்விடுகிறது. மீதி இருப்பது யார்? நெசவாளி, மீன்காரம்மா, பெட்டிக்கடைக்காரர், பீடி சுற்றுகிறவர். வங்கி வாசலை இவர்கள் மிதிக்க மாட்டார்கள். அப்படியென்றால் வங்கி இவர்கள் வாசலுக்குப் போகட்டும் என்று 1928-ல் ஆரம்பித்ததுதான் பிக்மி டெபாசிட். தினம் இரண்டணா. ஏஜெண்ட் ஒருத்தர் வீட்டுக்கு, கடைக்கு வந்து வாங்கிப்போவார். முப்பது நாளைக்கு 3 ரூபாய் 12 அணா. வருஷம் முழுக்க ஒரு நாள் விடாமல் கட்டினால் 45 ரூபாய் 10 அணா. நெசவாளி வீட்டில் அது ஒரு கல்யாணத்துக்குக் கைகொடுக்கிற தொகை.

நம் வீடுகளில் அம்மாக்கள் அரிசிப் பானைக்குள்ளும் கடுகு டப்பாவிலும் போட்டு வைப்பார்களே சிறுவாட்டுக் காசு, அதைத்தான் இந்த டாக்டர் கண்டுபிடித்து வங்கிக்குள் கொண்டுவந்தார். சிறுவாடு வீட்டில் இருந்தால் பாதுகாப்பு இல்லை, புருஷன் கண்ணில் பட்டால் போச்சு. நம் ஊரில் அந்தக் காசு போன இடம் பெரும்பாலும் ஏலச்சீட்டு. நல்ல ஆளிடம் மாட்டினால் சீட்டைப் போல ஒன்று கிடையாது. மாட்டாவிட்டால்? 90-களின் கடைசியில் சென்னையில் வரிசையாக நிதி நிறுவனங்கள் மூடினபோது எங்கள் தெருவில் மூன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. முதலீட்டாளர் பாதுகாப்புக்கு என்று தமிழ்நாடு தனிச் சட்டமே 1997-ல் போட வேண்டி வந்தது. எனக்கு வேலை கிடைத்த புதிது அப்போது. 'நீ பாங்க்லதானே இருக்கே, அந்தப் பணம் வருமா தம்பி?' என்று பக்கத்து வீட்டு மாமி கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை. மாமி முகம் ஞாபகம் இருக்கிறது.

ஒன்றை யோசியுங்கள். 1928-ல் ரிசர்வ் வங்கியே கிடையாது. அது வந்தது 1935-ல். டெபாசிட்டுக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது. அது வந்தது 1962-ல், அதுவும் 1960-ல் கேரளத்தில் பாலா சென்ட்ரல் பாங்க் விழுந்து பலர் அழுத பிறகு. ஆரம்ப வரம்பு 1500 ரூபாய். இன்றைக்கு 5 லட்சம். எதுவுமே இல்லாத அந்தக் காலத்தில் தினம் இரண்டணாவை எடுத்து ஒருத்தர் கையில் கொடுக்க வேண்டுமென்றால், அந்த ஆளைத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் ஏஜெண்ட் அதே தெருக்காரராக இருந்தார். கொடுக்கிறவர்களுக்கு அவருடைய அப்பாவையும் தெரியும். வங்கிக்கும் லாபம், யார் நாணயஸ்தன், யார் கடையில் நிஜமாகவே வியாபாரம் ஓடுகிறது என்று தினம் போய்ப் பார்க்கிற ஆள் கையில் இருக்கிறார். இப்போது ஸ்கோர், அல்காரிதம் என்று நாங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டு தேடுகிற தகவல் அவர் மடியில் இருந்தது.

இரண்டணா சேர்ந்து என்ன ஆயிற்று என்பதை மணிப்பாலில் போய்ப் பார்க்கலாம். பொட்டல் செம்பாறை மேடாகக் கிடந்த இடத்தில் டி.எம்.ஏ. பை 1953-ல் கஸ்தூர்பா மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். 1960-களில் சிண்டிகேட் வங்கியின் தலைமை அலுவலகமும் அங்கேயே போயிற்று. ஒரு தேசிய வங்கிக்கு ஒரு சிற்றூரில் தலைமையகம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த டி.ஏ. பைதான் 1965-ல் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது முதல் தலைவர். கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் திறந்தது நம் தஞ்சாவூரில். மணிப்பாலில் இப்போது கண்ணாடிக் கட்டடங்களும் வெளிநாட்டுப் பிள்ளைகளும். நன்கொடைக் கல்லூரிகளைப் பற்றி எனக்கு வேறு அபிப்ராயங்கள் உண்டு, அதை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.

இந்தக் கதையில் எனக்கு உறுத்துகிற இடமும் ஏஜெண்ட்தான். வெயிலிலும் அந்தப் பேய் மழையிலும் நடந்து வசூலித்தவர் வங்கி ஊழியரா, இல்லையா? சம்பளம் கிடையாது, கமிஷன் மட்டும். பென்ஷன் கிடையாது. பல வங்கிகளிலும் இருந்த இவர்கள் சங்கம் வைத்துக் கேட்டார்கள். 1988-ல் ஹைதராபாத் தொழில் தீர்ப்பாயம் இவர்களுக்குச் சாதகமாகச் சொன்னது. வங்கிகள் விடவில்லை, மேலே போனார்கள். 2001-ல்தான் உச்ச நீதிமன்றம் முடித்து வைத்தது: இவர்கள் தொழிலாளர்கள்தான், கமிஷன் என்பதும் ஒருவகைக் கூலிதான், பணிக்கொடை தர வேண்டும், ஆனால் நிரந்தர ஊழியர்களுக்குச் சமமாக வைக்க முடியாது. முதல் இரண்டணா வசூலித்து 73 வருஷம் கழித்து! இதை எழுதுகிற நான் மாதம் பிறந்தால் சம்பளம் வாங்குகிற நிரந்தர ஆள் என்பதையும் சேர்த்தே படியுங்கள்.

அந்த வங்கிகள் என்ன ஆயின என்று இப்போது எல்லாருக்கும் தெரியும். 2019 ஏப்ரல் 1-ல் விஜயா வங்கி பரோடா வங்கியில் கலந்தது. 2020 ஏப்ரல் 1-ல் சிண்டிகேட் கனராவிலும், கார்ப்பரேஷன் யூனியன் வங்கியிலும். நாடே ஊரடங்கில் கிடந்த நேரம், ஒரு பிரிவுபசாரம் கூட நடத்த வழியில்லை. கனராவும் கர்நாடகாவும் மட்டும் சொந்தப் பெயரோடு நிற்கின்றன. இணைப்பு தேவைதான், வாராக் கடனையும் மூலதனத்தையும் பார்த்தால் வேறு வழியில்லை என்று எங்கள் பயிற்சி வகுப்பில் சொல்வார்கள். கணக்கு சரி என்றே நானும் நினைக்கிறேன். ஆனால் சிண்டிகேட் கனராவோடு சேர்ந்ததாவது ஒரே மாவட்டத்துப் பங்காளிகள் சேர்ந்த மாதிரி. ஹாஜி அப்துல்லா தொடங்கியதைச் சேர்த்துக்கொண்டதோ மும்பையில் இருக்கும் ஒரு தலைமையகம்.

தேர் வீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு டீக்கடை. பதினொரு மணிக்கு ஸ்கூட்டரில் ஒருத்தர் வந்து நின்றார், கையில் சின்ன மிஷின். கடைக்காரர் கல்லாவில் இருந்து இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தார், சீட்டு வாங்கிச் செருகினார். இருபது நொடிகூட இல்லை. 'பிக்மியா அண்ணா?' என்று என் அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். 'ஹவுது, சொசைட்டி பிக்மி' என்றார். கூட்டுறவுச் சங்கத்துக்காரர் அவர். முன்னே எந்த பாங்கில் கட்டினீர்கள் என்றேன். அவர் அப்பா காலத்தில் இருந்து சிண்டிகேட்டாம். இப்போதும் கணக்கு அங்கேதான் இருக்கிறது என்றார். 'அது கனரா ஆயிடுச்சே?' என்றதும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார். பாஸ்புக் மாறியிருக்கிறது, அவர் வாயில் இன்னும் மாறவில்லை.

போக நினைப்பவர்களுக்கு: மழை பார்க்க வேண்டுமென்றால் ஜூலை, மற்றதெல்லாம் பார்க்க நவம்பரில் இருந்து பிப்ரவரி. ஜனவரியில் இரட்டைப்படை வருஷம் என்றால் 18-ஆம் தேதி பர்யாயம், எட்டு மடங்களில் ஒன்று அடுத்தவரிடம் பூஜைப் பொறுப்பை ஒப்படைக்கும் நாள், அறை கிடைக்காது. அருங்காட்சியகத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மட்டு குல்லா என்ற உருண்டைப் பச்சைக் கத்தரிக்காய் சந்தையில் கிடைத்தால் ஒரு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். சாம்பாரில் போட்டுப் பாருங்கள்.